செத்தவீட்டு நேரலை: வர முடியாத பிள்ளைக்காகக் கமரா பிடிப்பது

யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் எனக்குச் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. கலியாணவீடு, சாமத்தியவீடு (பூப்புனித நீராட்டு விழா) என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் நான். 2020இல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது செத்தவீடுகளுக்கு லைவ் செய்யக் கூப்பிடத் தொடங்கினார்கள். விமானங்கள் திரும்பவும் ஓடுகின்றன, அழைப்பு மட்டும் குறையவில்லை. இங்கே ஒரு அம்மா கண்ணை மூடினால் ஒரு மகன் டொரொன்டோவில், ஒரு மகள் பாரிஸில், இன்னொருவர் சூரிச்சில். லீவு கிடைக்காதவர்கள் உண்டு, டிக்கெட்டுக்குக் காசு இல்லாதவர்கள் உண்டு. அகதி வழக்கு முடியாததால் இருக்கிற நாட்டை விட்டு அசைய முடியாதவர்களும் உண்டு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாருக்காக இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போனதும் நான் கேட்கும் முதல் கேள்வி: "ஆர் வர ஏலாமல் நிக்கினம்?" பெயர், உறவு, எந்த நாடு என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். முடிந்தால் அந்தப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் கதைப்பேன். கனடாவில் இருந்த ஒரு மகன் என்னிடம் சொன்னார், "ஆக்கள் அழுகிறதைக் காட்ட வேண்டாம் தம்பி. அம்மாவின்ரை கையைக் கொஞ்சநேரம் காட்டுங்கோ. அந்தப் பழைய காப்புப் போட்டிருக்கிறாவோ எண்டு பாக்கவேணும்." அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கிரியை தொடங்குவதற்கு முன், வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கும்போது, முகத்தையும் கையையும் ஐந்து நிமிடம் அசையாமல் காட்டுவேன். அந்த ஐந்து நிமிடம் அந்தப் பிள்ளைக்கு உரியது. குறுக்கே யாரும் வராமல் பார்த்துக்கொள்ளும்படி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது நேரம். இதில் நான் பெரிய பிழை விட்டிருக்கிறேன். "காலை 10 மணி" என்று இலங்கை நேரத்தை மட்டும் போட்டு இணைப்பை அனுப்பினேன். டொரொன்டோவில் இருந்த மகள், பின்னேரம் வேலை முடிந்து வந்து, அன்று இரவுதானே என்று நினைத்து இருந்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இங்கே காலை 10 மணி என்றால் டொரொன்டோவில் குளிர்காலத்தில் முதல் நாள் இரவு 11.30, கோடையில் அதே நாள் அதிகாலை 12.30. லண்டனில் 4.30 அல்லது 5.30, பாரிஸிலும் சூரிச்சிலும் 5.30 அல்லது 6.30. இப்போது ஒவ்வொரு நாட்டுக்கும் கிழமை, திகதி, நேரம் மூன்றையும் எழுதித்தான் அனுப்புகிறேன்.

இணைப்புக்கு நான் யூடியூப்பில் 'பட்டியலிடப்படாதது' என்ற வகையைத்தான் பாவிக்கிறேன். இணைப்பு கையில் உள்ளவர் மட்டும் பார்க்கலாம், தேடினால் வராது. ஆனால் புதுச் சேனலில் லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். போன் செயலியிலிருந்து லைவ் போட 50 சந்தாதாரர் வேண்டும். ஆகவே அதை இன்றைக்கே செய்து வையுங்கள், சாவு சொல்லிக்கொண்டு வராது. இலவச சூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். பேஸ்புக்கில் போட்ட லைவ் 2025இலிருந்து 30 நாளில் அழிந்துவிடுகிறது, உடனே இறக்கி வைக்காவிட்டால் போய்விடும். இன்னொன்றையும் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். அஞ்சலிப் பதிவுகளுக்குக் கீழே போலி லைவ் இணைப்பைப் போட்டு வங்கி அட்டை விவரம் கேட்கும் களவர்கள் இருக்கிறார்கள். காசு கேட்கிற எந்த இணைப்பும் எங்களுடையது இல்லை என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். கமராவில் தன் முகம் வரக்கூடாது என்று நினைப்பவர்களும் இருப்பார்கள். காரணம் கேட்க வேண்டாம், அவர்கள் இருக்கும் பக்கம் கமராவைத் திருப்பாமல் விட்டால் போதும்.

டேட்டாவுக்கு வாறேன். முதல் நாள் பின்னேரமே வீட்டிலும் மயானத்திலும் நின்று அப்லோட் வேகத்தைப் பாருங்கள். 720 பி தரத்துக்கு நொடிக்கு 4 மெகாபிட் (Mbps) வேண்டும், கையில் அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி போகும். வீட்டிலிருந்து மயானம் வரை நாலு மணி நேரம் என்றால் 7 ஜிபிக்கு மேல். ஒரு தடவை மயானத்தில் மகன் கொள்ளிக்குடத்தோடு சுற்றத் தொடங்கும்போது எனக்கு டேட்டா முடிந்துவிட்டது. அந்த நேரம் லண்டனில் இருந்த அண்ணன் பார்த்தது திரையில் சுற்றிய வட்டத்தை மட்டும்தான். அதற்குப் பிறகு இரண்டு வேறு கம்பனிச் சிம்கள் (டயலொக் ஒன்று, மொபிட்டல் ஒன்று), இரண்டிலும் முழு ரீலோட். சனம் கூடினால் எல்லோர் போனும் ஒரே டவரில் தொங்கும், முதல் நாள் கிடைத்த வேகம் அன்றைக்குக் கிடைக்காது. அப்போது 480 பிக்கு இறக்குங்கள். படம் மங்கினால் பொறுப்பார்கள், அறுந்தால் தாங்கமாட்டார்கள். லைவ் எப்படிப் போனாலும் கமராவின் கார்டில் தனியாகப் பதிவு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சத்தத்தைப் பலர் கவனிப்பதில்லை. பறைமேளம் தொடங்கினால் சின்ன மைக்கில் சத்தம் கிழிந்துபோகும், முதலே அளவைக் குறைத்து வையுங்கள். கிரியை செய்பவரின் குரலுக்கு ஒரு சட்டை மைக் போதும், அவரிடம் கேட்டுவிட்டுக் குத்துங்கள். பொற்சுண்ணம் (வாசனைப் பொடி) இடிக்கும்போதுதான் உங்கள் முழுக் கவனமும் வேண்டும். திருவாசகத்தில் வரும் திருப்பொற்சுண்ணத்தை ஒருவர் பாட, உரலில் உலக்கை விழும். ஊரில் வளர்ந்த ஒருவருக்கு அந்த இரண்டு சத்தமும் சேர்ந்து கேட்டால் அவர் எந்த நாட்டில் இருந்தாலும் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுவார். மைக்கை உரலுக்குப் பக்கத்தில் நிலத்தில் வைக்காதீர்கள், குத்துகிற அதிர்வில் பாட்டு மூழ்கிவிடும். பாடுபவர் பக்கமாக, இடுப்பளவு உயரத்தில் பிடியுங்கள். ஸ்பீக்கரில் ஓடும் ஒலிநாடாத் தேவாரங்களை லைவ் நேரத்தில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பதிப்புரிமை என்று யூடியூப் இடையில் நிறுத்திவிடலாம். ஆட்கள் நேரே பாடினால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

நிற்கும் இடம்: பந்தல் மூலையில் ஸ்டாண்டில் ஒரு கமரா, கையில் ஒன்று. பெட்டிக்கும் உறவினருக்கும் நடுவில் ஒருபோதும் போகாதீர்கள். கலியாணவீட்டு லைட் வேண்டாம். பந்தலுக்குள் நிழல், வெளியே வெயிலில் வெள்ளை வேட்டிகள், கமரா குழம்பும். வெளிச்ச அளவை முகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அழுகிற முகத்துக்கு ஸூம் பண்ணுகிறவரை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

விளக்கம் சொல்லலாமா என்று குடும்பத்தைக் கேளுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று விளங்காது. "இப்ப பேரப்பிள்ளையள் பந்தம் பிடிக்கினம்" என்று மெல்லிய குரலில் ஒரு வசனம், அவ்வளவுதான்.

ஊர்வலம் வெளிக்கிடும்போது எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் பெண்கள் பெரும்பாலும் படலையோடு நின்றுவிடுவார்கள். அந்த வீட்டிலேயே லைவைப் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான். விருப்பமா என்று கேட்டு, ஒரு டெப்லட்டை இயக்கிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். ஒரு ஆச்சி, "படம் வேண்டாம் தம்பி, சத்தத்தை மட்டும் வையுங்கோ" என்றார். திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன்.

வழியில் பலர் லைவை நிறுத்திவிட்டு மயானத்தில் திரும்பத் தொடங்குவார்கள். நிறுத்தாதீர்கள். வீட்டு ஒழுங்கை, கிடுகு வேலி இருந்த இடத்தில் வந்த மதில், வைரவர் கோயில், படித்த பள்ளிக்கூடம், சந்திக்கடை எல்லாம் அந்த வழியில்தான் வரும். முப்பது வருடமாக அந்த ஒழுங்கையைப் பார்க்காதவர் அந்தப் பக்கம் இருக்கிறார். கமராவைக் கொஞ்சம் உயர்த்தி, பெட்டியும் பாதையும் சேர்ந்து தெரிய, மெதுவாக நடவுங்கள். வெயிலில் போன் சூடேறி நின்றுவிடும், ஒரு பொடியனைக் குடை பிடிக்க வையுங்கள். பவர்பேங்க் பையில் இருக்கட்டும்.

மயானம், அது கோம்பயன்மணலோ செம்மணியோ, எங்கே லைவை முடிப்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். குடும்பம் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் செய்வது இது. கொள்ளி வைப்பவரைப் பக்கவாட்டில் இருந்து எடுப்பேன். அவர் திரும்பிப் பார்க்காமல் நடக்கத் தொடங்கியதும் கமராவும் அவரோடு திரும்பிவிடும். நெருப்பு எழுவதைக் காட்டுவதில்லை. போகிறவர்களின் முதுகு ஒரு நிமிடம், பிறகு இறந்தவரின் பெயரும் திகதியும் எழுதிய அட்டை ஒரு நிமிடம், அதற்குப் பிறகுதான் நிறுத்துவேன். டக்கென்று அறுத்தால் அந்தப் பக்கம் தனியாக இருப்பவர் இருட்டுத் திரைக்கு முன்னால் விடப்படுகிறார்.

காசுப் பேச்சை அழுகிறவர்களிடம் வைக்காதீர்கள். ஒரு மச்சானோ சித்தப்பாவோ இருப்பார், அவரோடு பேசுங்கள். அதுவும் காடாத்து (சாம்பல் அள்ளும் சடங்கு) முடிந்த பிறகு.

பதிவை வெட்டாமல், பாட்டுப் போடாமல், பூ பறக்கவிடாமல் முழுதாகக் கொடுங்கள். கீரிமலையில் அந்தியேட்டி (31ஆம் நாள் கிரியை) முடிவதற்குள் கையில் சேர்ந்தால் நல்லது. உங்கள் ஸ்டூடியோப் பக்கத்தில் விளம்பரமாகப் போடவே வேண்டாம். நான் பிரதிகளை மூன்று வருடம் வைத்திருக்கிறேன், பெயரும் திகதியும் ஊரும் எழுதி. காப்பைப் பார்க்கக் கேட்ட அந்த மகன் இரண்டு வருடம் கழித்துப் போன் எடுத்தார். ஒழுங்கையில் போன பகுதியை மட்டும் தனியாக அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்பினேன். பதினொரு நிமிடம் இருந்தது.