லாகினுக்குப் பின்னாடி இருக்குற வேலைய போர்ட்ஃபோலியோல எப்படிக் காட்டுறது

வெப் டிசைனருக்கு ஒரு சௌகரியம் இருக்கு, பக்கத்தத் தொறந்தா அவங்க செஞ்ச வேலை அப்படியே கண்ணுக்குத் தெரியும். வெப் அப்ளிகேஷன் டெவலப்பருக்கு அப்படி இல்ல. நாம செஞ்சதுல முக்காவாசி லாகின் ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் கெடக்கும், மீதி டேட்டாபேஸ்லயும் சர்வர்லயும் இருக்கும், போதாக்குறைக்கு கம்பெனிக்காக செஞ்சது பூரா என்டிஏல, அதாவது வெளிய சொல்ல மாட்டேன்ங்கற ரகசிய ஒப்பந்தத்துல, கையெழுத்துப் போட்டது, ஒரு ஸ்க்ரீன்ஷாட் கூட வெளிய விட முடியாது. நல்லா வேலை தெரிஞ்சவங்களே "காட்டுறதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு"ன்னு கைய பெசஞ்சுட்டு உக்காந்திருக்குறது இதனாலதான். அதனால இங்க நான் சொல்லப் போறது ஒரே விஷயத்தச் சுத்திதான்: கண்ணுக்குத் தெரியாத அந்த வேலைய, அடுத்தவங்க ரெண்டு நிமிஷத்துல பாத்து நம்புற மாதிரி எப்படி வெளிய கொண்டு வர்றது.

மொதல்ல வேலை நெலவரம். 2022ல இருந்து பெரிய டெக் கம்பெனிங்க வரிசையா ஆள் கொறைச்சாங்க, அதே வருஷம் நவம்பர்ல சாட்ஜிபிடியும் வந்துச்சு, இதுல அதிகமா அடி வாங்குனது பிரெஷர்ஸ்தான்னு நான் நெனைக்குறேன், ஏன்னா ஜூனியருக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்த சின்னச் சின்ன வேலையத்தான் அந்த டூல்ஸ் மொதல்ல எடுத்துக்கிச்சு. நாலு பக்கம் வெப்சைட் பண்ணித் தர்ற வேலை அதுக்கு முன்னாடியே விக்ஸ், ஷாப்பிஃபை, வேர்ட்பிரஸ் மாதிரி ரெடிமேடா சைட் கட்டித் தர்ற டூல்ஸ் பக்கம் போயிடுச்சு. ஆனா அப்ளிகேஷன் வேலை வேற. ஒரு ஆஸ்பத்திரியோட பில்லிங் விதி, ஒரு குடோனோட ஸ்டாக் கணக்கு, ஒரு இன்சூரன்ஸ் க்ளெய்ம் யார் யார் கையெழுத்துக்குப் போகணும்ங்கறது, இதெல்லாம் ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அங்க உக்காந்து கேட்டு புரிஞ்சு கட்டுறதுக்கு ஆள் வேணும். இன்னொண்ணு, யாரும் ஆசைப்பட்டு போகாத பழைய கோடு. வெப் ஆப் எழுதற டூல்ஸ்ல ஆங்குலர்ஜேஎஸ் சப்போர்ட் 2021 கடைசியோட முடிஞ்சுது, பிஹெச்பி 7.4 2022 நவம்பரோட முடிஞ்சுது, வியூ 2 2023 டிசம்பரோட முடிஞ்சுது, ஆனா அதுல எழுதுன அப்ளிகேஷன்லாம் இன்னிக்கும் ஓடிட்டுதான் இருக்கு, அதுல தெனமும் பணம் பொரளுது, அத உடைக்காம புதுசுக்கு மாத்தித் தர்றவங்களுக்கு நல்ல மதிப்பு இருக்கு. அதனால சாஃப்ட்வேர் கம்பெனிய மட்டும் தேடாதீங்க. பேங்க், லாஜிஸ்டிக்ஸ், காலேஜ், ஆஸ்பத்திரி இங்கல்லாம் சொந்தமா டெவலப்பர் டீம் இருக்கும், நெறைய பேருக்கு அப்ளை பண்ணவே தோணாது.

இப்ப போர்ட்ஃபோலியோ. டூடூ லிஸ்ட், வெதர் ஆப், ஏதாவது ஸ்ட்ரீமிங் சைட்டோட க்ளோன், இதெல்லாம் கத்துக்கறதுக்கு நல்லதுதான், காட்டுறதுக்கு வேண்டாம். அதுல முடிவு எல்லாம் டுட்டோரியல் போட்டவர் எடுத்தது. இப்போ ஏஐ கிட்ட கேட்டா அழகான ஸ்க்ரீன் அஞ்சு நிமிஷத்துல வந்துடுது, அதனால ஸ்க்ரீனுக்கு இருந்த மதிப்பும் எறங்கிடுச்சு. மிச்சம் இருக்கறது ஒண்ணுதான், நீங்க எங்க என்ன முடிவு எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்கங்கறது. பத்து ப்ராஜெக்ட் வேணாம், ஒண்ணே ஒண்ண ஆழமா பண்ணுங்க, கூட ஒரு சின்னது இருந்தா போதும். அந்த ஒண்ணுல வேற வேற உரிமை உள்ள ரெண்டு வகை யூசர் இருக்கணும், ஒரே பொருளுக்கோ நேரத்துக்கோ ரெண்டு பேர் அடிச்சுக்கற எடம் ஒண்ணு இருக்கணும், முடிஞ்சா நெஜமா யாராவது அத யூஸ் பண்ணனும்.

உதாரணத்துக்கு டாக்டர் அப்பாயின்மென்ட் புக்கிங் எடுத்துக்கோங்க. கேக்கறதுக்கு சாதாரணமாத்தான் இருக்கும். காலையில 10 மணி ஸ்லாட்ட ரெண்டு பேர் ஒரே நேரத்துல அமுக்குனா என்ன ஆகும்? பெரும்பாலான கோடு என்ன பண்ணும்னா, மொதல்ல அந்த ஸ்லாட் காலியான்னு டேட்டாபேஸ்ல பாக்கும், காலின்னா புக்கிங்க எழுதும். ரெண்டு ரிக்வெஸ்ட்டும் ஒண்ணா வந்தா ரெண்டுமே "காலி"ன்னு பாத்துட்டு ரெண்டுமே எழுதிடும், ஒரு டாக்டர் முன்னாடி ரெண்டு பேஷன்ட். இத தடுக்கறதுக்கு டாக்டர் ஐடியும் நேரமும் சேந்த யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்ட, அதாவது அதே ஜோடி ரெண்டாவது தடவ வரக்கூடாதுங்கற விதிய, டேட்டாபேஸ்லயே போடணும், அப்ப ரெண்டாவதா வர்றது தோத்துடும், அந்த எரரப் புடிச்சு "இந்த நேரம் இப்பதான் போயிடுச்சு, அடுத்து 10.20 இருக்கு"ன்னு காட்டணும். அங்கயும் ஒரு சிக்கல் இருக்கு பாருங்க, ஒருத்தர் கேன்சல் பண்ணிட்டாலும் அந்த புக்கிங்கோட பதிவு டேபிள்ல அப்படியே நிக்கும், அந்த ஸ்லாட்ட யாரும் திரும்ப எடுக்கவே முடியாது. போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல கேன்சல் ஆகாத புக்கிங்குக்கு மட்டும் பொருந்துற பார்ஷியல் யூனிக் இன்டெக்ஸ் போட்டா அது தீந்துடும். கடைசியா ரெண்டு ரிக்வெஸ்ட்ட ஒரே சமயத்துல அனுப்பி, ஒண்ணு மட்டும்தான் ஜெயிக்குதான்னு பாக்கற ஒரு டெஸ்ட் எழுதுங்க. இந்த ஒரு எடத்த மட்டும் நல்லா பண்ணி அதப் பத்தி அரைப் பக்கம் எழுதி வெச்சிருந்தா, வேலைக்கு எடுக்கறவங்களுக்கு வேற கேள்வியே தேவைப்படாது, இத நான் முழுசா நம்பறேன்.

அடுத்தது உரிமை சோதனை. வெப் பாதுகாப்புக்குன்னு இருக்கற ஓவாஸ்ப் அமைப்பு 2021ல போட்ட டாப் 10 ஆபத்துப் பட்டியல்ல மொதல் எடமே ப்ரோக்கன் ஆக்சஸ் கன்ட்ரோல்தான், அதாவது உரிமை இல்லாதவங்க உள்ள நொழஞ்சுடறது. அனுபவம் உள்ளவங்க உங்க டெமோவுக்குள்ள நொழஞ்ச ஒடனே பண்ணக்கூடிய காரியம், பில் பக்கத்தத் தொறந்து முகவரி கடைசில 41ன்னு இருக்கறத 42ன்னு மாத்திப் பாக்கறது. வேற ஒருத்தரோட பில் வந்துச்சுன்னா அங்கயே முடிஞ்சுது. பட்டன மறைச்சு வைக்கறது பாதுகாப்பு கெடையாது, இந்த பில் இந்த ஆளோடதுதானான்னு ஒவ்வொரு ரிக்வெஸ்ட்லயும் சர்வர் கேக்கணும். பணத்த ஃப்ளோட்ல, அதாவது தோராயமா சேமிக்கற புள்ளி எண்ணுல, வைக்காதீங்க, ஜாவாஸ்கிரிப்ட்ல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டுனா 0.30000000000000004ன்னு வரும், அதனால பைசா மாதிரி சின்ன நாணயத்துல முழு எண்ணா வைங்க, இல்லன்னா டெசிமல் டைப் போடுங்க.

டெமோ விஷயத்துலதான் நெறைய நல்ல ப்ராஜெக்ட் வீணாப் போகுது. பாக்க வர்றவங்கள சைன் அப் பண்ணச் சொல்லாதீங்க, பண்ண மாட்டாங்க. "பேஷன்ட்டா நுழைய", "ரிசப்ஷனா நுழைய"ன்னு ரெண்டு பட்டன் வைங்க, ஒரே அமுக்குல உள்ள போகணும். உள்ள மூணு வரி டேட்டா, "டெஸ்ட் டெஸ்ட்"ன்னு பேரு, இப்படி இருந்தா டேஷ்போர்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் எடுபடாது, ஒரு ஸ்கிரிப்ட் எழுதி சில ஆயிரம் புக்கிங் போட்டு நெரப்புங்க, அப்பதான் பேஜினேஷன் (பக்கம் பக்கமா பிரிச்சுக் காட்டறது), தேடல், இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவற பட்டியல்) இதுக்கெல்லாம் அர்த்தமே வரும், உங்களுக்கும் எது ஸ்லோன்னு தெரியவரும். வந்தவங்க கண்டதையும் எழுதி வெச்சிட்டுப் போவாங்க, அதனால ராத்திரி தானா டேட்டா பழைய நெலைக்குத் திரும்பற மாதிரி வெச்சிடுங்க. பேமென்ட் இருந்தா, பணம் வாங்கித் தர்ற ஸ்ட்ரைப் சர்வீஸோட டெஸ்ட் மோடு போதும், 4242 4242 4242 4242ங்கற டெஸ்ட் கார்டு நம்பர அந்தப் பக்கத்துலயே எழுதி வைங்க.

ஹோஸ்டிங், அதாவது ஆப்ப இன்டர்நெட்ல ஓட்டறதுக்கு எடம் தர்ற சர்வீஸ் பத்தி ஒண்ணு சொல்லணும். ஹெரோகு 2022 நவம்பர்ல இலவச ப்ளான நிறுத்துனப்ப ஏகப்பட்ட பேரோட லிங்க் செத்துப் போச்சு. ரெண்டர்ங்கற இன்னொரு ஹோஸ்டிங்ல இலவச சர்வர் 15 நிமிஷம் யாரும் வரலைன்னா தூங்கிடும், அடுத்து வர்றவங்க அது முழிச்சுக்கற வரைக்கும் ஸ்க்ரீனப் பாத்துட்டு இருக்கணும், அவ்வளவு நேரம் எந்த ஹெச்ஆரும் காத்துட்டு இருக்க மாட்டாங்க. வேலை தேடற மாசங்கள்ல மட்டுமாவது சின்ன காசு ப்ளான் ஒண்ணு எடுத்துக்கோங்க, முடியலையா, ரெண்டு நிமிஷ வீடியோ எடுத்து லிங்க் பக்கத்துலயே போடுங்க. அப்புறம் ஏபிஐ கீ (வேற சர்வீஸ யூஸ் பண்ற ரகசியச் சாவி), பாஸ்வேர்டு இருக்கற ஃபைல, கோடு சேமிச்சு வைக்கற கிட்ஹப்ல தள்ளிட்டு, அடுத்த கமிட்ல (அடுத்த தடவ மாத்தி சேமிக்கறப்ப) டெலீட் பண்ணிட்டா போச்சுன்னு நெனைக்காதீங்க, ஹிஸ்டரில அது அப்படியே இருக்கும். அந்த கீய கேன்சல் பண்ணி புதுசு எடுக்கறதுதான் வழி.

ரீட்மீ, அதாவது ப்ராஜெக்ட்ட அறிமுகப்படுத்தற ஃபைல் எழுதறப்ப இன்ஸ்டால் கமாண்டுல இருந்து ஆரம்பிக்காதீங்க, மொதல் பத்தில இது யாருக்கு, என்ன கஷ்டத்தத் தீக்குதுன்னு வரணும். அப்புறம் முடிவுகள். இந்த மாதிரி எழுதலாம்: "மருந்து ஸ்டாக் கொறையறதும் பில் போடறதும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல நடக்குது, பாதில எரர் வந்தா ரெண்டுமே திரும்பிடும். லைவ் அப்டேட்டுக்கு வெப்சாக்கெட் (எப்பவும் தொறந்தே இருக்கற கனெக்‌ஷன்) போடல, ரிசப்ஷன் ஸ்க்ரீன் 20 செகண்டுக்கு ஒருதடவ கேட்டுக்குது, ஒரே எடத்துல ரெண்டு மூணு பேர் பாக்கற ஆப்புக்கு அது போதும்." இத விட பெரிய விளம்பரம் தேவையில்ல. எது இன்னும் முடியல, தெரிஞ்ச குறை என்னன்னும் எழுதுங்க, மறைச்சா எப்படியும் கண்டுபுடிப்பாங்க.

என்டிஏ இருக்கறவங்களுக்கு: கம்பெனி கோடையோ ஸ்க்ரீனையோ எடுத்து வெளிய போடவே கூடாது, பேர் அழிச்சுட்டுப் போடறதும் அதே தப்புதான். எந்த மாதிரி சிஸ்டம், என்ன பிரச்சனை, என்னென்ன வழி இருந்துச்சு, நீங்க எதப் புடிச்சீங்க, அப்புறம் என்ன மாறுச்சுன்னு வார்த்தையில எழுதுங்க, போடறதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட மெயில்ல கேட்டு சம்மதம் வாங்கிக்கோங்க. கூடவே அதே வகைப் பிரச்சனைய வேற துறைக்கு மாத்தி, கற்பனை டேட்டா வெச்சு சின்னதா மொதல்ல இருந்து கட்டிக் காட்டுங்க. நீங்க அளக்காத நம்பர எங்கயும் எழுதாதீங்க, "எப்படி அளந்தீங்க"ங்கறதுதான் வர்ற மொதல் கேள்வி.

வேகத்துக்கு கூகுளோட லைட்ஹவுஸ் டூல ஓட்டிப் பாருங்க, பக்கத்துல தெரியற ஆகப் பெரிய உள்ளடக்கம் 2.5 செகண்டுக்குள்ள வரணும்ங்கறது கூகுள் வெச்சிருக்கற அளவு. மவுஸத் தள்ளி வெச்சுட்டு கீபோர்டுலயே ஒரு புக்கிங் போட முடியுதான்னும் பாத்துடுங்க. போர்ட்ஃபோலியோ சைட்டுக்கே மாசக்கணக்கா அனிமேஷன் போட்டுட்டு இருக்க வேணாம், ஒரு பக்கம் போதும்.

ஏஐ யூஸ் பண்ணீங்கன்னா பண்ணேன்னு சொல்லுங்க, ஆனா ஒவ்வொரு வரியும் ஏன் இருக்குன்னு வாயால சொல்லத் தெரியணும். இன்டர்வியூல உங்க ப்ராஜெக்ட்டயே தொறந்து "கேன்சல் பண்றவங்க காரணம் எழுதணும், சேத்துக் காட்டுங்க"ன்னு கேக்கலாம். அதுக்கு முன்னாடியே ஒரு ஃப்ரெண்ட உக்கார வெச்சு இதே மாதிரி மாத்தம் கேக்கச் சொல்லி, அவங்க பாத்துட்டு இருக்கறப்பவே, பேசிட்டே பண்ணிப் பழகுங்க, டேபிள்ல புது நெடுவரிசை (column) சேக்கறதுல இருந்து ஃபார்ம், டெஸ்ட் வரைக்கும். லேப்டாப்ல இன்டர்நெட் இல்லாமலே ஓடற ஒரு காப்பி ரெடியா இருக்கட்டும். ரெஸ்யூமே அனுப்பற அன்னிக்கு இன்காக்னிட்டோல டெமோ லிங்க்கத் தொறந்து, ரெண்டு பட்டன்லயும் உள்ள போய், ஒரு புக்கிங் போட்டுப் பாத்துட்டு அப்புறமா அனுப்புங்க.