புலன் விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி? ஜூனியர் வக்கீல்களுக்கு

குற்ற வழக்கில் பெரும்பாலும் கடைசியாகக் கூண்டேறும் அரசுத் தரப்புச் சாட்சி புலன் விசாரணை அதிகாரிதான். சாட்சி சொல்லிப் பழகிய அவரிடம் குரலை உயர்த்திப் பயனில்லை. அவர் எழுதிய காகிதங்களை வைத்தே கேளுங்கள்.

முதலில் குற்றப்பத்திரிகை நகல்களை மணி வாரியாக அடுக்குங்கள். சம்பவம், புகார், எஃப்.ஐ.ஆர்., அது மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரம். இடைவெளி தெரிந்தால் "ஏன் தாமதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு விளக்கத்தை நீங்களே வரவழைத்தது போலாகிவிடும். "இரவு 9 மணிக்குப் பதிவு செய்தீர்கள்", "மாஜிஸ்திரேட்டுக்கு மறுநாள் மதியம் 2 மணிக்குத்தான் கிடைத்தது" என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள வையுங்கள். குறுக்கு விசாரணையில் இப்படிப் பதிலை உணர்த்திக் கேட்க சாட்சிய சட்டம் இடம் தருகிறது.

அடுத்தது முரண்பாடு. புதியவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். "எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கத்தியோடு ஓடியதைப் பார்த்தேன்" என்று நேரில் பார்த்த சாட்சி கோர்ட்டில் சொல்கிறார். போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தில் கத்தியே இல்லை. "போலீசிடம் கத்தியைப் பற்றிச் சொல்லவில்லைதானே?" என்று முதலில் அந்தச் சாட்சியிடமே கேட்க வேண்டும். சொன்னேன் என்று அவர் சாதித்தால், பிறகு அதிகாரியிடம், "அந்தச் சாட்சி உங்களிடம் கத்தியைப் பற்றிச் சொன்னாரா?" என்று கேளுங்கள். "இல்லை" என்றால்தான் முரண்பாடு நிரூபணமாகிறது. முதல் பாதியை விட்டுவிட்டு நேராக அதிகாரியிடம் போனால் பலன் கிடைக்காது. முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டதும் முரண்பாடாகலாம் என்று சட்டமே சொல்கிறது. தஹசில்தார் சிங் வழக்கில் 1959இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசியது. அந்தத் தீர்ப்பை அவசியம் படியுங்கள். இதைச் சொல்லும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 162ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 181ஆம் பிரிவு.

அப்புறம் பறிமுதல். மகஜரில், அதாவது பறிமுதலை எழுதிவைக்கும் ஆவணத்தில், கையெழுத்திட்ட சாட்சிகள் அந்த ஊர்க்காரர்களா, பொருளுக்கு சீல் வைக்கப்பட்டதா, கோர்ட்டுக்கு எப்போது வந்தது? புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. எடுத்தாரா என்று கேளுங்கள்.

கடைசியாக உங்கள் தரப்பை அவர் முன் வையுங்கள். "சரியல்ல" என்றுதான் பதில் வரும். இருந்தாலும் கேட்டுவிடுங்கள், கேட்காமல் விட்டதை இறுதி வாதத்தில் எடுத்தால் அரசு வக்கீல் பிடித்துக்கொள்வார்.