சிலிண்டர் மானியத்தைக் கணக்குப் போடுவது எப்படி, மாற்றுவது எப்படி

பெட்ரோல், டீசல், கேஸ் மானியம் என்று பேச்செடுத்தாலே லட்சம் கோடிகளில் எண்கள் வந்து விழும். அதை வைத்து வாதாடாதீர்கள். ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஏஜென்சியில் பல வருஷம் கணக்கு எழுதியவள் நான். 14.2 கிலோ சிலிண்டரின் விலை எங்கிருந்து வருகிறது என்று பிடிபட்டால், மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் அதே வழிதான்.

நம் நாட்டு எல்பிஜியில் சுமார் 60 சதவீதம் இறக்குமதி. அதற்கு அடிப்படை, சவுதி அரேபியாவின் அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் ஒப்பந்த விலை. கேஸில் கலந்திருக்கும் புரொப்பேன் 40, பியூட்டேன் 60 என்ற விகிதத்தில் இரண்டின் விலைக்கும் சராசரி எடுக்க வேண்டும். இந்த விலை, டாலர் மதிப்பு, ஊர்வாரியான சிலிண்டர் விலை எல்லாம் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பிபிஏசி (PPAC) தளத்தில் கிடைக்கும்.

2025 பிப்ரவரியைப் போட்டுப் பார்ப்போம். ஒப்பந்த விலை டன்னுக்கு 629 டாலர். 14.2 கிலோவுக்கு 8.93 டாலர். டாலர் அப்போது ஏறக்குறைய 87 ரூபாய், ஆகவே 777 ரூபாய். அதே மாதம் டெல்லியில் வீட்டு சிலிண்டர் 803 ரூபாய். அதற்குள் இருக்கும் 5 சதவீத ஜிஎஸ்டியை எடுத்துவிட்டால் 765. கேஸ் இன்னும் கப்பலே ஏறவில்லை, அதற்குள் 12 ரூபாய் துண்டு விழுந்துவிட்டது. இனிமேல்தான் கப்பல் கூலி, காப்பீடு, துறைமுகச் செலவு, பாட்டிலிங், லாரி வாடகை, டீலர் கமிஷன். அத்தனையையும் 777-உடன் கூட்டி, 765-ஐக் கழியுங்கள். கிடைப்பதுதான் விலை இடைவெளி.

ஒன்றை மறக்கக் கூடாது. மீதி 40 சதவீத கேஸ் உள்நாட்டிலேயே கிடைக்கிறது. அதற்கும் இறக்குமதி விலையைத்தான் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். எனவே இந்த இடைவெளி முழுவதும் கையை விட்டுப் போன ரொக்கம் என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்து, இடைவெளி யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். உஜ்வலா (ஏழை வீட்டுப் பெண்களுக்கு கேஸ் இணைப்பு தரும் அரசுத் திட்டம்) குடும்பங்களுக்கு சிலிண்டருக்கு 300 ரூபாய் பட்ஜெட்டிலிருந்து போகிறது; அது நேரடி மானியம், மேலே போட்ட இடைவெளியில் சேராது. அந்த இடைவெளியோ எண்ணெய் நிறுவனங்களின் கணக்கில் நஷ்டமாக நிற்கும், பிறகு ஒருநாள் அரசு ஈடு கட்டும். 2020 ஜூன் முதல் 2022 ஜூன் வரையிலான நஷ்டத்துக்கு 22,000 கோடி ரூபாய் ஒப்புதலானது 2022 அக்டோபரில். நஷ்டத்தையும் எழுதி, ஈட்டையும் எழுதினால் ஒரே பணம் இரண்டு முறை ஏறிவிடும். நஷ்டம் வந்த வருஷத்துக்கு ஒரு பத்தி, பணம் வந்த வருஷத்துக்கு ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். 2005-2010 காலத்தில் ரொக்கத்துக்குப் பதில் எண்ணெய்ப் பத்திரங்கள், அதாவது பணத்தைப் பிறகு தருவதாகச் சொல்லும் கடன் பத்திரங்கள், கொடுத்தார்கள். அவை பட்ஜெட்டின் வரவுப் பகுதி இணைப்பில் இருக்கும். செலவுப் பக்கத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு அகப்படாது.

வரிச் சலுகையைத் தனி வரிசையில் வையுங்கள். ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) 2022-க்குச் சொன்ன உலக எரிபொருள் மானியக் கணக்கு 7 லட்சம் கோடி டாலர். அதில் நேரடி மானியம் 1.3 லட்சம் கோடிதான். மற்றது பெரும்பாலும் காற்று மாசு, பருவநிலைக் கேடு போன்றவற்றின் விலை. யாராவது பெரிய எண்ணைச் சொன்னால் இரண்டில் எது என்று கேளுங்கள்.

இனி சீர்திருத்தம். ஒரே இரவில் செய்யக் கூடாது. நைஜீரியா 2012 ஜனவரியில் பெட்ரோல் மானியத்தை ஒரேயடியாக எடுத்தது. நாடே வேலைநிறுத்தத்தில் இறங்க, விலையைப் பாதி வழி இறக்க வேண்டியதாயிற்று. நாம் டீசலுக்கு 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 பைசா வரை ஏற்றினோம். கச்சா எண்ணெய் சரிந்த 2014 அக்டோபரில் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டோம். நல்ல வேலை அது.

கேஸ் அப்படியல்ல. 2015 ஜனவரியில் நாடு முழுக்க பஹல் திட்டம் வந்தது: எல்லோருக்கும் சந்தை விலை, மானியம் வங்கிக்கு. வீட்டு சிலிண்டர் டீக்கடைக்கும் ஆட்டோவுக்கும் போவதைத் தடுக்க அது தேவைதான். ஆனால் கவுன்டரில் நான் பார்த்தது பாஸ்புக்குகளை. “மானியம் ஏறலையேம்மா” என்று வருவார்கள். கடைசியாக எந்தக் கணக்கில் ஆதார் இணைத்தார்களோ அங்கேதான் பணம் போகும். நூறு நாள் வேலைக்காகத் திறந்த வேறொரு வங்கிக் கணக்கில் அது சத்தமில்லாமல் கிடக்கும். மானிய முறையை மாற்றுவதற்கு முன்னால் இந்த இணைப்பை ஊர் ஊராகச் சரிபார்த்தாக வேண்டும்.

பலனை அளக்க நான் நம்புவது மிச்சமான கோடிகளை அல்ல, ரீஃபில் எண்ணிக்கையை. உஜ்வலா குடும்பம் வருஷத்துக்குச் சராசரியாக 2019-20-இல் வாங்கியது 3 சிலிண்டர். 2024-25-இல் நாலரையை ஒட்டி வந்திருக்கிறது. விலை ஏறிய பிறகு இந்த எண் இறங்கினால், அந்த வீட்டில் விறகு மறுபடி எரிகிறது, அந்தப் புகை ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் போகிறது என்று அர்த்தம். மாவட்ட அளவிலான ரீஃபில் கணக்கை, விலை மாற்றத்துக்கு ஆறு மாதம் முன்னும் பின்னும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு நிறுத்தலாம்? வருமானம் 10 லட்சத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு 2016 ஜனவரியிலேயே மானியம் நின்றது. ஒரு கோடிக்கும் அதிகமானோர் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் திசை சரி. ஆனால் 2020 மே மாதம் உலக விலை சரிந்து மானியம் பூஜ்யமானபோது, விலை திரும்ப ஏறியும் பெரும்பாலோருக்கு அது திரும்ப வரவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களும் அதில் இருந்தார்கள்.

மனு எழுதும்போது நான் இதைத்தான் கேட்கச் சொல்வேன்: ஏழை வீடு கொடுக்க வேண்டிய விலை நிலையாக இருக்கட்டும், மானியம் ஏறி இறங்கட்டும். இப்போது நடப்பது தலைகீழ். 300 நிலையாக நிற்கிறது, விலை ஏறும்போதெல்லாம் சுமை அந்த வீட்டுக்குப் போகிறது. உலக விலை இறங்கும் மாதங்களில் மிச்சமாகும் பணத்தைத் தனி நிதியாக ஒதுக்கி, ஏறும் மாதங்களில் அதிலிருந்து எடுக்கலாம். ரீஃபிலுக்கு முழுத்தொகை புரட்ட முடியாதவர்களுக்கு 5 கிலோ சிலிண்டர் உஜ்வலாவிலேயே உண்டு. ஏஜென்சியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.