கமிட்டிக்கு உள்ளேயா, மேலேயா? ஒரு குழுவில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி

தைப்பூசக் காவடிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே எங்கள் கோயிலில் கடிதம் எழுதும் வேலை ஆரம்பித்துவிடும். மொரீஷியஸில் வீட்டில் கிரியோல் பேசுவோம், பத்திரிகையைப் பிரெஞ்சில் படிப்போம், கோயிலில் தேவாரம் தமிழில் பாடுவோம், ஆனால் சர்க்காருக்குப் போகிற தாள் பெரும்பாலும் ஆங்கிலம்தான். நாடாளுமன்றத்திலேயே அப்படித்தான்: அரசியல் சட்டப்படி சபையின் மொழி ஆங்கிலம், வேண்டுமானால் ஓர் உறுப்பினர் சபாநாயகரிடம் பிரெஞ்சில் பேசிக்கொள்ளலாம்.

ஊர்வலம் போகிற வழியைப் பற்றி நான் போலீஸுக்கு எழுதிய கடிதம் இப்படி ஆரம்பித்தது: "ஐ ஆம் இன் தி கமிட்டி ஆஃப் திஸ் கோவில் அண்ட் வி ஆர் ட்வெல்வ் மெம்பர்ஸ்." கமிட்டியில் ஒரு பெரியவர், சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தார். "இன்" என்பதை அடித்து மேலே "ஆன்" என்று எழுதினார். "என்னய்யா, கமிட்டி மேலே ஏறி உட்காரச் சொல்கிறீர்களா?" என்றேன். "ஆமாம்மா, அங்கேதான் உனக்கு நாற்காலி போட்டிருக்கு" என்றார். சிரித்துவிட்டேன், ஆனால் அவர் சொன்ன அந்த நாற்காலியை வைத்தே பாதி விஷயம் புரிந்துபோய்விட்டது.

நம் சிக்கல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் கமிட்டியில், கட்சியில், குடும்பத்தில், வங்கியில், அணியில், வாட்ஸ்அப் குரூப்பில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே "இல்"தான். கிரியோலுக்குத் தாவினாலும் தப்பிக்க முடியாது, அங்கேயும் "மோ தாங் கொமித்தே" என்று "உள்ளே"தான் வருகிறது. இரண்டு மொழியும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளுவதால் நம் கை தானாக "இன்" போட்டுவிடுகிறது. ஆங்கிலமோ அந்த ஒரு "இல்"லை மூன்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது, எந்த மாதிரிக் குழு என்று கேட்டுவிட்டுத்தான் எதைத் தருவது என்று முடிவு செய்கிறது.

ஆகவே எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி: அங்கே எண்ணி வைத்த நாற்காலி உண்டா? ஏதோ ஒரு வேலைக்காகத் தேர்ந்தெடுத்தோ நியமித்தோ உட்கார வைக்கிற குழு என்றால் "ஆன்". ஆன் தி கமிட்டி, ஆன் தி போர்ட், ஆன் தி கவுன்சில், ஆன் தி பேனல், ஆன் தி ஜூரி. வினைச்சொல் சேர்த்தாலும் அதே கதைதான், "ஷி சிட்ஸ் ஆன் தி கமிட்டி", "ஹி சர்வ்ட் ஆன் தி போர்ட் ஃபார் சிக்ஸ் யியர்ஸ்". "போர்ட்" என்ற சொல்லுக்குப் பழைய பொருளே பலகை, மேசை என்பதுதான், அதனால் "ஆன் தி போர்ட்" என்னும்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துக்கொண்டால் மறக்காது. (இங்கே ஒரு குழி உண்டு. "சிட் ஆன்" என்பதற்குப் பின்னால் கடிதமோ ஃபைலோ வந்தால் அதை நகர்த்தாமல் போட்டு வைத்திருப்பது என்று பொருள். "தி கமிட்டி சாட் ஆன் மை லெட்டர்" என்று எழுதினால் அது பாராட்டு ஆகாது.)

நாற்காலி கணக்கில்லாமல் ஆட்கள் சேர்ந்துகொண்டே போகக்கூடிய பெரிய அமைப்பு, அல்லது நீங்கள் கலந்து கரைந்துவிடுகிற கூட்டம் என்றால் "இன்". இன் தி யூனியன், இன் தி பார்ட்டி, இன் தி ஆர்மி, இன் தி சிவில் சர்வீஸ், இன் தி கொயர், இன் தி பேண்ட், இன் மை ஃபேமிலி, இன் கிரேட் நைன். இரண்டும் ஒரே இடத்தில் மோதுவதைப் பார்க்க வேண்டுமா? நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மொரீஷியஸ் 1968இல் ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது, அன்றிலிருந்து அது "இன் தி யூ.என்." ஆனால் பாதுகாப்பு கவுன்சிலில் இருப்பது 15 நாடுகள்தான், அதில் நமக்கு 1977-78இலும் 2001-02இலும் தற்காலிக இடம் கிடைத்தது, அந்த ஆண்டுகளில் மட்டும் மொரீஷியஸ் "ஆன் தி செக்யூரிட்டி கவுன்சில்". ஒரே அமைப்பு, பெரிய கூடத்துக்கு "இன்", எண்ணி வைத்த நாற்காலிக்கு "ஆன்". அதே மாதிரி பக்கத்துத் தீவு ரீயூனியன் பிரான்ஸோடு சேர்ந்து "இன் தி யூரோப்பியன் யூனியன்", நாம் அதில் இல்லை, ஆனால் "இன் தி காமன்வெல்த்", "இன் தி ஆப்பிரிக்கன் யூனியன்".

இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அமைச்சரவைக்கும் எண்ணி வைத்த நாற்காலிதான், ஆனாலும் "இன் தி கேபினெட்" என்கிறார்கள். காரணம் தேடினால் சொல்லிலேயே இருக்கிறது, "கேபினெட்" என்றால் முதலில் சின்னத் தனியறை, அறை என்றால் உள்ளேதானே இருக்க வேண்டும். மேசைக்கு மேலே, அறைக்கு உள்ளே. எனக்கு இந்த இரண்டு படமே போதுமானதாக இருக்கிறது.

அணி விஷயத்தில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஒத்துப்போவதில்லை. லண்டன்காரர் "இன் தி டீம்" என்பார், நியூயார்க்காரர் "ஆன் தி டீம்" என்பார். நமக்குப் பள்ளியில் வருவது இங்கிலாந்து வழி, இரவில் பார்ப்பது அமெரிக்க சீரியல், அதனால் என் மகன் ஒரே பத்தியில் இரண்டையும் எழுதி வைத்திருந்தான். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்றேன், அவ்வளவுதான். விளையாட்டு வீரரைப் பற்றி என்றால் இந்த வம்பே வேண்டாம், "ஹி பிளேஸ் ஃபார் லிவர்பூல்" என்று "ஃபார்" போட்டுவிட்டால் இரண்டு கரையிலும் செல்லும்.

கிளப் என்றால் கொஞ்சம் ஜாக்கிரதை. கிளப்புக்கு "இன்" சரிதான், ஆனால் இங்கிலாந்துப் பேச்சு வழக்கில் ஒரு பெண் "இன் தி கிளப்" என்றால் அவள் மாசமாக இருக்கிறாள் என்று அர்த்தம் வந்துவிடும். "எ மெம்பர் ஆஃப் தி கிளப்" என்று எழுதிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

அந்த "மெம்பர்" என்ற சொல் வந்துவிட்டாலே நாற்காலிக் கணக்கெல்லாம் மறந்துவிடலாம். கமிட்டியானாலும் கட்சியானாலும் குடும்பமானாலும் "மெம்பர் ஆஃப்". இது நம் ஆறாம் வேற்றுமை மாதிரி, குழுவினுடைய உறுப்பினர் என்று சொல்லிப் பாருங்கள், சரியாக உட்காரும். "மெம்பர் இன் தி கமிட்டி" என்பது நம்மவர்கள் ஓயாமல் செய்கிற தவறு, "குழுவில் உறுப்பினர்" என்று மனசுக்குள் ஓடுவதால் வருவது. எதைப் போடுவது என்று சந்தேகம் வந்தால் வாக்கியத்தை "மெம்பர் ஆஃப்" என்று திருப்பிப் போட்டுவிடுங்கள், நான் அவசரத்தில் அதைத்தான் செய்வேன். ஒரே ஒரு விலக்கு, நாடாளுமன்றத் தொகுதி. நமக்கு 21 தொகுதிகள், ரோட்ரிக்ஸ் தீவைத் தவிர மற்ற 20க்கும் மூன்று மூன்று பேர், சபைக் குறிப்பில் அவர்களை ஃபர்ஸ்ட் மெம்பர் ஃபார், செகண்ட் மெம்பர் ஃபார், தேர்ட் மெம்பர் ஃபார் என்று தொகுதிப் பெயரோடு குறிப்பார்கள். மெம்பர் ஆஃப் பார்லிமென்ட், ஆனால் மெம்பர் ஃபார் இன்ன தொகுதி: சபையைச் சேர்ந்தவர், ஊருக்காகப் பேசுகிறவர்.

செயலாளருக்கும் இப்படி ஒரு பிரிவு இருக்கிறது. சங்கத்தின் செயலாளர் என்றால் "செக்ரட்டரி ஆஃப் தி சொசைட்டி". ஒருவருக்கோ ஒரு சபைக்கோ கூட இருந்து வேலை பார்ப்பவர் என்றால் "டு", இங்கே அமைச்சரவைச் செயலாளரின் பதவிப் பெயரே "செக்ரட்டரி டு கேபினெட்" என்றுதான் இருக்கிறது.

"பிலாங்" என்ற வினைக்கு எப்போதும் "டு", "வி பிலாங் டு திஸ் சொசைட்டி". பிரெஞ்சு ஓடுகிற தலைகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை: "ஃபேர் பார்த்தி து" என்பதை அப்படியே தூக்கி "ஐ மேக் பார்ட் ஆஃப் தி கமிட்டி" என்று எழுதாதீர்கள், "ஐ ஆம் பார்ட் ஆஃப்" போதும். கூட்டத்துக்குப் போனதையும் "அசிஸ்ட்டெட் டு தி மீட்டிங்" என்று எழுதுகிறோம். "அட்டெண்டெட் தி மீட்டிங்", நடுவில் எதுவும் வேண்டாம்.

வேலை பார்க்கிற இடத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இடத்தை நினைத்தால் "அட்", சம்பளம் கொடுப்பவரை நினைத்தால் "ஃபார்", மூன்றில் கொஞ்சம் மரியாதையாக ஒலிப்பது "வித்". ஆனால் ஓட்டலில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விண்ணப்பத்தில் "ஐ ஆம் எ ஸ்டாஃப்" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பல் கூசுகிறது. ஸ்டாஃப் என்பது மொத்தக் கூட்டத்துக்குப் பெயர், ஒற்றை ஆளுக்கு இல்லை. "எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்" என்று எழுதுங்கள், இல்லையென்றால் "ஆன் தி ஸ்டாஃப்".

அப்புறம் சேருவதும் விலகுவதும். தமிழில் கட்சியில் சேர்ந்தேன், குழுவிலிருந்து விலகினேன், இரண்டிலும் உருபு இருக்கிறது. ஆங்கிலத்தில் "ஜாயின்" என்றால் வெறுமனே "ஐ ஜாயின்ட் தி சொசைட்டி", அமைப்பின் பெயருக்கு முன்னால் "இன்"னும் வராது, "டு"வும் வராது. "லீவ்" என்றாலும் "ஹி லெஃப்ட் தி குரூப்", "ஃப்ரம்" வேண்டாம். ஆனால் "ரிசைன்" என்றால் வேண்டும்: கமிட்டியை விட்டால் "ரிசைன்ட் ஃப்ரம் தி கமிட்டி", பதவியை மட்டும் விட்டுவிட்டு உறுப்பினராகத் தொடர்ந்தால் "ரிசைன்ட் ஆஸ் ட்ரெஷரர்". கோயில் கூட்டக் குறிப்பில் இந்த வித்தியாசம் முக்கியம். ஒரு தடவை பொருளாளர் பதவியை மட்டும் விட்ட ஒருவரைக் குறிப்பு எழுதியவர் கமிட்டியிலிருந்தே அனுப்பிவிட்டார், அடுத்த கூட்டத்தில் அவர் வந்து உட்கார்ந்ததும் ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று. தேர்ந்தெடுத்தல், நியமித்தல், சேர்த்தல் மூன்றுக்கும் "டு": எலெக்டெட் டு தி கமிட்டி, அப்பாயின்டெட் டு தி போர்ட், ஆட் ஹர் டு தி குரூப். சேர்த்தபின் அவர் வாட்ஸ்அப் மேல், குரூப்புக்கு உள்ளே: "ஆன் வாட்ஸ்அப்", "இன் தி குரூப்".

கடைசியாக அந்தப் பன்னிரண்டு பேர். "நாங்கள் பன்னிரண்டு பேர்" என்பதும் பிரெஞ்சு வழியும் ஒரே அச்சு, அதனால்தான் "வி ஆர் ட்வெல்வ்" என்று விழுகிறது, அதைக் கேட்கிற ஆங்கிலேயருக்கு நமக்கெல்லாம் பன்னிரண்டு வயது என்று பட்டாலும் படும். "தேர் ஆர் ட்வெல்வ் ஆஃப் அஸ்" என்றுதான் எழுத வேண்டும். அவர்களில் ஒருவரைச் சொல்ல "ஒன் ஆஃப் தி மெம்பர்ஸ்", அந்த கடைசி "ஸ்" விழுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், "ஒன் ஆஃப் அவர் மெம்பர்" என்று எழுதாத சங்கம் இந்தத் தீவில் இருக்கிறதா என்ன.

பெரியவர் திருப்பிக் கொடுத்தபோது என் முதல் வரி இப்படி மாறியிருந்தது: "ஐ ரைட் ஆன் பிஹாஃப் ஆஃப் தி கமிட்டி, ஆன் விச் தேர் ஆர் ட்வெல்வ் ஆஃப் அஸ்." படித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, நாம் எத்தனை பேர் என்று போலீஸுக்கு எதற்கு?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார், பிறகு அதே சிவப்புப் பேனாவால் பின்பாதியை முழுக்க அடித்துவிட்டார்.