பார்சல் வந்திருக்கிறது என்று குறுஞ்செய்தி வந்தால்: லிங்க்கைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

போன தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோலாலம்பூர் செந்தூலில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கையில் பேங்க் கார்டு, மறு கையில் கைப்பேசி என்று உட்கார்ந்திருந்தார். ஒரு கூரியர் நிறுவனத்தின் பெயரில் மலாயில் செய்தி வந்திருந்தது: ‘அலாமாட் திடாக் லெங்காப்’, அதாவது முகவரி முழுமையாக இல்லை. 12 மணி நேரத்துக்குள் சரிசெய்து 1 வெள்ளி 50 காசு கட்டாவிட்டால் பார்சல் திரும்பிப் போய்விடும் என்றது. கார்டின் கடைசி நான்கு எண்கள்தான் பாக்கி. “சென்னையிலேர்ந்து ரெண்டு சேலை வர வேண்டியிருக்குய்யா, திரும்பிப் போயிட்டா என்ன பண்றது?” என்றார்.

பெரியம்மா ஏமாளி இல்லை. நாற்பது வருஷமாகக் குடும்பக் கணக்கைக் காசு பிசகாமல் பார்த்தவர். மோசடிக்காரனுக்கு அவருடைய சேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரே செய்தியைக் கண்ட எண்களுக்கெல்லாம் அனுப்புகிறான். பண்டிகை நேரத்தில் நம்மில் பாதிப் பேர் ஏதோ ஒரு பார்சலுக்குக் காத்திருக்கிறோம். அதனால் பலருக்கு அது தனக்கே வந்த செய்தி போலத் தெரிகிறது. ஆகவே ‘இந்தச் செய்தி நிஜமா?’ என்று ஆராய்வதை விட்டுவிட்டு, ‘என் பார்சல் இப்போது எங்கே இருக்கிறது?’ என்று தேடுங்கள். நான் சொல்லப்போவதில் முக்கியமானது இதுதான்.

முதல் படி: செய்தியை மூடிவிட்டு, பார்சலைத் தேடுங்கள்

ஷோப்பியிலோ லசாடாவிலோ வாங்கியிருந்தால் அந்தச் செயலியைத் திறந்து, நீங்கள் வாங்கிய பொருளின் பக்கத்துக்குப் போங்கள். பார்சல் எந்தக் கிடங்கில் இருக்கிறது, எந்த நிறுவனம் கொண்டு வருகிறது என்று அங்கேயே போட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் தெரிந்த கடைக்காரரிடம் வாங்கியிருந்தால் டிராக்கிங் எண்ணை அவரிடமே கேட்டு வாங்குங்கள். அஞ்சல் வழியாக வரும் வெளிநாட்டுப் பார்சல் என்றால் அந்த எண்ணில் முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து இருக்கும். இந்தியாவிலிருந்து வந்தால் முடிவில் ‘ஐ என்’. அந்த எண்ணைப் போஸ் மலேசியாவின் செயலியிலோ, நீங்களே தட்டச்சு செய்து திறந்த அதன் இணையப் பக்கத்திலோ போட்டுப் பாருங்கள். செய்தியில் உள்ள லிங்க் வழியாகப் போகவே போகாதீர்கள்.

பெரியம்மாவுக்கு இதைத்தான் செய்தோம். சேலை இன்னும் சென்னையை விட்டே கிளம்பவில்லை.

இரண்டாம் படி: செய்தி எந்த வழியாக வந்தது என்று பாருங்கள்

லிங்க் உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கும்படி எம்.சி.எம்.சி. என்னும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2023 முதல் படிப்படியாகத் தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ‘அப்படியென்றால் எனக்கு எப்படி வருகிறது?’ என்று கேட்பீர்கள். அந்தத் தடை சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸுக்கு. மோசடிக்காரர்கள் ஐபோனின் ஐமெசேஜ், ஆண்ட்ராய்டின் ஆர்.சி.எஸ்., வாட்ஸ்அப் ஆகியவற்றுக்கு மாறிவிட்டார்கள். இவை இணையம் வழியாக வருகின்றன, அந்த வடிகட்டியில் சிக்குவதில்லை. ஐபோனில் பதில் எழுதும் கட்டத்துக்குள் ‘ஐமெசேஜ்’ என்று மங்கலாகத் தெரிந்தால் அது எஸ்.எம்.எஸ். இல்லை. அனுப்பியவர் எண் +60 என்று தொடங்காமல் +63 போன்ற வெளிநாட்டு எண்ணாகவோ, சம்பந்தமில்லாத மின்னஞ்சல் முகவரியாகவோ இருந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

‘ஒய் என்று பதில் அனுப்பிவிட்டு, செய்தியை மூடித் திரும்பத் திறங்கள்’ என்று சில செய்திகளில் கேட்டிருப்பார்கள். காரணம் இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து வரும் லிங்க்கை ஐபோன் தொட முடியாதபடி வைத்திருக்கும். நீங்கள் பதில் அனுப்பினால் அந்தப் பூட்டு திறந்துவிடும். ஆகவே திட்டுவதற்குக்கூடப் பதில் அனுப்பாதீர்கள்.

தலைப்பில் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. அனுப்புநர் பெயரைப் போலியாகப் போட முடியும். அப்படி வரும் செய்தி, உண்மையான பழைய செய்திகளுக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாம் படி: முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பலர் வழுக்கி விழுவது இங்கேதான்.

போஸ் மலேசியாவின் உண்மையான முகவரி ‘போஸ் டாட் காம் டாட் மை’. போலி எப்படி இருக்கும் என்பதற்கு நான் ஓர் உதாரணம் சொல்கிறேன்: ‘போஸ் டாட் காம் டாட் மை-டிராக் டாட் டாப்’. அவசரத்தில் பார்த்தால் முதல் பாதி மட்டும்தான் கண்ணில் படும்.

மைகார்டு என்னும் நம் அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறது? முதலில் நம் பெயர், பிறகு ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’, அதன்பின் அப்பா பெயர். யார் வீட்டுப் பிள்ளை என்பது கடைசியில்தான் தெரியும். இணைய முகவரியும் அப்படித்தான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். நம் உதாரணத்தில் முதலில் ‘டாப்’, அதற்கு முன்னால் ‘மை-டிராக்’. அந்தப் பக்கத்தின் சொந்தக்காரன் ‘மை-டிராக் டாட் டாப்’. அதற்கு முன்னால் ‘போஸ்’ என்றோ வேறு எந்தப் பெரிய நிறுவனத்தின் பெயரையோ அவன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம். ‘மை’க்குப் பின்னால் புள்ளிக்குப் பதில் ஒரு சிறு கோடு வந்ததிலேயே கதை மாறிவிட்டது.

சுருக்கப்பட்ட லிங்க்கில் இப்படிப் படிக்கவே முடியாது. அதனால் அதைத் தொடவே வேண்டாம்.

நான்காம் படி: என்ன கேட்கிறார்கள்?

1 வெள்ளி 50 காசுக்காக யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். தொகை சிறியதாக இருந்தால் நாம் யோசிக்காமல் கார்டு எண்ணைப் போட்டுவிடுவோம். அவர்களுக்கு வேண்டியது அந்த எண்ணும், அடுத்து அதை உறுதிசெய்ய பேங்க் அனுப்பும் ‘டேக்’ என்னும் ஒருமுறை எண்ணும். டேக் எண் வரும் செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், முழு வாக்கியத்தையும் படியுங்கள். கட்டணம் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் செய்தியில் ‘உங்கள் கார்டை ஆப்பிள் பேயில் சேர்க்க’ என்றோ ‘கூகுள் வாலட்டில் சேர்க்க’ என்றோ இருக்கிறதா? அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் கார்டு அவன் கைப்பேசிக்குள் போய்விடும். அதன்பிறகு அவன் கடை கடையாகத் தட்டிக்கொண்டே போகலாம்.

‘வரி பாக்கி’ என்றும் வரும். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இந்த அரைகுறை நினைவைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அந்த வரியைப் பதிவு பெற்ற விற்பனையாளரோ தளமோ வாங்கும் நேரத்திலேயே வசூலித்துவிடும்.

‘பார்சலைப் பார்க்க இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்று ஏ.பி.கே. கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பை, அனுப்பினால் உடனே அழித்துவிடுங்கள். உங்களுக்கு வரும் டேக் எண்ணை உங்களுக்குத் தெரியாமலே படித்துவிடக்கூடிய செயலிகள் இந்த வழியில்தான் உள்ளே வருகின்றன.

ஐந்தாம் படி: தொட்டுவிட்டீர்களா?

லிங்க்கைத் திறந்து எதையும் எழுதாமல் மூடியிருந்தால் பதற வேண்டாம். எதுவும் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இருந்தால் அழியுங்கள்.

கார்டு எண்ணையோ கடவுச்சொல்லையோ கொடுத்துவிட்டீர்கள் என்றால் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்திருக்காதீர்கள். வெட்கப்பட இப்போது நேரமில்லை. கார்டின் பின்பக்கம் இருக்கும் பேங்க் எண்ணுக்கு உடனே அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். பேங்க் செயலியில் ‘கில் சுவிட்ச்’ இருந்தால் அதை அழுத்துங்கள், உங்கள் இணைய வங்கிக் கணக்கு அப்போதே முடங்கிவிடும். பிரச்சினை தீர்ந்தபின் பேங்க் மூலம் திறந்துகொள்ளலாம். ஏ.பி.கே. கோப்பை நிறுவியிருந்தால் முதலில் அந்தக் கைப்பேசியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறு கைப்பேசியிலிருந்து பேங்கை அழையுங்கள்.

பணம் போயிருந்தால் 997. இது 2022 அக்டோபரில் தொடங்கிய என்.எஸ்.ஆர்.சி. என்னும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். போலீஸ், பேங்க் நெகாரா, எம்.சி.எம்.சி. ஆகியவை இதில் சேர்ந்து வேலை செய்கின்றன. நம் பணம் முதலில் யாரோ ஒருவர் மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்குக்குப் போகும், அங்கிருந்து கைமாறிக்கொண்டே இருக்கும். அது கைமாறுவதற்குள் தகவல் போனால்தான் மறித்து நிறுத்த வழியுண்டு. பிறகு அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். செய்தியை அழித்துவிட வேண்டாம். அனுப்பிய எண்ணும் முழு முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள்.

புதிய கார்டு வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். பழைய கார்டில் மாதாமாதம் தானாகப் பணம் போய்க்கொண்டிருந்த இன்சூரன்ஸ், ஆஸ்ட்ரோ, தொலைபேசிக் கட்டணம் எல்லாவற்றுக்கும் புது எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த நாள்களில் ‘நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் ஒரு சிறு தொகை கட்டுங்கள்’ என்று யாராவது அழைத்தால் அழைப்பைத் துண்டியுங்கள். ஏமாந்தவர்களின் எண்களை வைத்துக்கொண்டு மறுபடியும் வலை வீசுகிறார்கள்.