பெரிய மார்க்கெட்டில் தாத்தாவின் கடையைத் தேடுவோருக்கு

வெளிநாட்டிலிருந்து புதுச்சேரிக்கு வரும் நம் உறவுகள் பெட்டியை இறக்கியதும் கடற்கரைக்குத்தான் ஓடுகிறார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பத்துப் படம், அடுத்த ஊர். ஆனால் உங்கள் தாத்தாவின் கடையும் கணக்கும் பெரும்பாலும் ஊரை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வாழ்ந்த வீதிகளில்தான் இருந்திருக்கும். ஒரு காலைப் பொழுதையாவது பெரிய மார்க்கெட்டுக்கு ஒதுக்குங்கள்.

நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் இருக்கிறது. முறையான பெயர் குபேர் அங்காடி. புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர் அது. ஆட்டோக்காரரிடம் பெரிய மார்க்கெட் என்றால் போதும், கட்டணத்தை மட்டும் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் அவற்றில் துய்ப்ளேக்ஸ் வீதி என்று பார்ப்பீர்கள். இன்றைய நேரு வீதிதான் அது.

காலை 7 மணிக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் கூடும், நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சந்துகள் சேறாகிவிடும். தை, மாசிதான் நல்ல காலம்.

என் அத்தை போன தை மாதம் பாரீஸிலிருந்து வந்தார். கையில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கடை வாசலில் தாத்தா நிற்கிறார். தோளுக்கு மேலே மார்க்கெட்டின் நடுவிலுள்ள மணிக்கூண்டு கொஞ்சம் தெரிகிறது. அதை அடையாளமாக வைத்துச் சந்து சந்தாகச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் ஒரு வெங்காய வியாபாரி படத்தை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பத்து எட்டு நடந்து, தலைக்கு மேலே தொங்கிய தார்ப்பாயை ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். "இங்கே நின்று பாருங்கள் அம்மா." மணிக்கூண்டு படத்தில் இருந்த அதே இடத்தில் வந்து நின்றது. கீழே இப்போது பூண்டுக் கடை. தாத்தா கால் வைத்திருந்த படியை அத்தை தேடினார். தரையை மேலே மேலே உயர்த்தியதில் அது முக்கால்வாசி புதைந்து, தேய்ந்த விளிம்பு மட்டும் வழவழவென்று தெரிந்தது.

மார்க்கெட்டுக் கடை என்றால் சொத்துப் பத்திரம் தேடி அலையாதீர்கள். அவை நகராட்சியின் வாடகைக் கடைகள். வாடகை ரசீதோ கடை எண்ணோ வீட்டில் கிடைத்தால் எடுத்து வாருங்கள். நடைபாதையில் விற்றவர்கள் உட்கார்ந்த இடத்துக்கு அன்றாடம் அடிக்காசு கட்டியவர்கள். அவர்களைப் பற்றி அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களின் நினைவுதான் ஆவணம். வெளி வீதிகளில் சொந்தக் கடை இருந்திருந்தால் கதை வேறு. 1954 நவம்பர் 1இல் ஆட்சி பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. அதற்கு முந்தைய பத்திரங்கள் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளை இருக்கிறது. என்ன தேடுகிறீர்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பாஸ்போர்ட் நகலுடன் போங்கள்.

மார்க்கெட்டின் தெற்கு வாசலைத் தாண்டினால் ரங்கப்பிள்ளை வீதி. 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பக்கத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக மட்டுமே அவரை நினைக்கிறோம்; அவர் முதலில் ஒரு வணிகர். கப்பல் வந்த செய்தியும் சரக்கு விவரமும் அந்த ஏடுகளில் நிறைந்திருப்பது அதனால்தான். கீழ்த்தளத்தில் நம் ஊர் மரத்தூண்கள், மேல்தளத்தில் ஐரோப்பியப் பாணிச் சுதைத்தூண்கள். அந்த வீட்டையும் அவரைப் போலவே இரண்டு உலகங்களுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். முன் அனுமதி வாங்காமல் உள்ளே நுழைய வேண்டாம்.

இதையெல்லாம் அடுத்த பயணத்துக்குத் தள்ளாதீர்கள். கடற்கரையில் இருந்த 19ஆம் நூற்றாண்டு மேரி கட்டடம் (பழைய நகராட்சி மாளிகை) 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. இப்போது அங்கே இருப்பது பழைய உருவில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தது. பெரிய மார்க்கெட்டையும் இடித்துக் கட்டும் திட்டம் வந்தது, வியாபாரிகள் எதிர்த்தார்கள். எந்தப் படி எத்தனை நாள் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அத்தை ஊருக்குக் கிளம்பும் முன் படத்தின் நகல் ஒன்றை வெங்காய வியாபாரியிடம் கொடுத்தார். அவர் அதைத் தராசுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறார். நீங்கள் வரும்போது நகல் இரண்டாக எடுத்து வாருங்கள்.