ரிப்பேர் இருக்கிற காரை விற்கப் போகிறீர்களா?

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருவில் நிற்கிற வண்டி என்றால் துரு நிச்சயம். கதவின் அடிப்பக்கம், வீல் ஆர்ச், ஸ்டெப்னி கிடக்கும் குழி. இதைப் பட்டி வைத்து பெயிண்ட் அடித்து மறைக்கவே மறைக்காதீர்கள். விவரமான ஆள் சட்டைப் பையில் சின்னக் காந்தத்தோடு வருவார்; தகரத்தில் கப்பென்று பிடிக்கிற காந்தம் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் வழுக்கி விழும், அதோடு சரி, இஞ்சின் நல்ல கண்டிஷன் என்று நீங்கள் உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படித்தான். 2015, 2023 டிசம்பர்களுக்குப் பிறகு சென்னை வண்டி என்றாலே சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, உள்ளே சேறு படிந்த கோடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தண்ணீர் எதுவரை ஏறியது, என்னென்ன மாற்றினீர்கள் என்பதை பில்லோடு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

விலைக்கு வருவோம். ஆன்லைனில் போட்டிருப்பது கேட்கிற விலை, முடிகிற விலை இல்லை. அதே மாடல், அதே வருடம், அதே ஓனர் கணக்கில் பழுதில்லாத வண்டி 2,40,000-க்கு முடிகிறது, உங்கள் வண்டிக்குக் கிளட்ச், ஏசி வேலை 30,000 என்று மெக்கானிக் எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2,10,000 கேளுங்கள், ஆனால் அந்த விலைக்கே முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஒர்க்‌ஷாப்புக்கு அலைகிற அலைச்சலுக்கும் வாங்குகிறவர் ஏதாவது குறைப்பார், இரண்டு லட்சம் வரை இறங்கலாம். பெரிய வேலையை நீங்களே செய்துவிட்டு அந்தக் காசை விலையில் எடுக்க நினைத்தால் பெரும்பாலும் முழுசாகத் திரும்பாது. பேட்டரி வேறு விஷயம், தள்ளி ஸ்டார்ட் செய்கிற வண்டியை அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள். அப்புறம், ஸ்டார்ட் ஆகத் திணறுவதை மறைக்க, ஆள் வருவதற்கு முன்னால் ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள், பானெட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும்.

பேப்பர் வேலைதான் முக்கியம். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள், ஆர்சியில் பெயர் மாறும் வரை விடாமல் கேளுங்கள். வண்டியை விற்றிருந்தாலும் ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாவி கொடுக்கிற தேதி, மணி, சொன்ன பழுதுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். லோன் இருந்தால் பேங்கில் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்கி, ஆர்சியில் ஏறியிருக்கும் கடன் பதிவை (ஹைபோதிகேஷன்) நீக்கிய பிறகே விளம்பரம் போடுங்கள். ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள். இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் செய்யாமல் இருந்ததற்கான பிரீமியத் தள்ளுபடி, உங்களுடையது, வண்டியோடு போகாது. கம்பெனியிடம் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வைத்தால் அடுத்த காருக்கு ஆகும்.